தனக்குக் கரண்டி எடுக்காத ஊர்

ஆழிக்குடியில் நான் செய்த முதல் குற்றம், பசித்த நேரத்தில் எனக்கு நானே சோறு போட்டுக்கொண்டதுதான்.

கடலுக்கு அடியில் இருக்கிற ஊர் அது. தூத்துக்குடியிலிருந்து மூழ்குகப்பலில் அரை நாள் பயணம். என் மகள் ஜெனிட்டா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம், அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அழுதிருக்கிறாள். பிள்ளைப்பேறு என்றால் மட்டும் வெளியாளை உள்ளே விடுவார்களாம். அப்படித்தான் பிலோமினாளாகிய நானும் இறக்கிவிடப்பட்டேன். கரையில் எனக்கு மீன் ஏலம் கூறுகிற வேலை. நான் தொண்டையைத் திறந்தால் காக்கைகூடக் கிட்டே வராது என்று துறையில் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் இந்த ஊரில் விட்டார்கள்.

பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் நீள நீளமான மேஜைகள். நடுவில் ஆவி பறக்கச் சோறு, மீன் குழம்பு. எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவரும் எடுக்கக் காணோம். ஜெபம் பண்ணுகிறார்களோ என்று பார்த்தேன், அதுவும் இல்லை. பயணக் களைப்பில் எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கரண்டியை எடுத்து என் தட்டில் இரண்டு கரண்டி போட்டேன். கூடமே திரும்பி என்னைப் பார்த்தது. கோபமாகப் பார்த்திருந்தால் பதிலுக்கு முறைத்திருப்பேன். வழி தவறி வந்த கிறுக்கியைப் பார்ப்பது போல இரக்கத்தோடு பார்த்தார்கள். ஜெனிட்டா மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள்.

இங்கே யாரும் தன் தட்டில் தானே போட்டுக்கொள்வதில்லை என்று அப்புறம் சொன்னாள். பக்கத்தில் இருப்பவர் நமக்குப் போடுவார், நாம் அவருக்குப் போட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் மறந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். இந்த ஊரில் யாரும் மறப்பதில்லை என்றாள்.

மருமகன் எட்வின்தான் காற்று இயந்திரத்துக்குப் பொறுப்பு. தங்கமான பிள்ளை. எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் அவரோடு சண்டை போட முடியாது, அதுதான் ஒரே குறை. ஊர் ஏன் இப்படி இருக்கிறது என்று அவர்தான் விளக்கினார். இதற்கு முன்னால் கடலடியில் கட்டிய ஊரில் எல்லா விதமான ஆட்களும் இருந்தார்களாம். ஏதோ ஒரு அற்பத் தகராறு வளர்ந்து வளர்ந்து, கடைசியில் ஒருவன் எதிரி வீட்டுக்குப் போகிற காற்றையே அடைத்துவிட்டான். அதற்குப் பிறகு கம்பெனிக்காரர்கள் இயல்புச் சோதனை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கணக்கான கேள்விகள். விட்டுக்கொடுக்கிற இயல்பு உள்ளவர்கள் மட்டும் ஆழிக்குடியில் குடியேறலாம். மாறுபட்டவர் என்று பின்னால் தெரிந்தால் அடுத்த கப்பலில் மேலே அனுப்பிவிடுவார்கள்.

"கோவக்காரன், பேராசைக்காரன், சாந்தமானவன்னு கலந்துகட்டி மூடின இடத்துல வச்சா ஒருநாள் வெடிச்சிரும் மாமி. எல்லாரும் ஒரே வார்ப்பா இருந்தா வெடிக்காது," என்றார்.

பழைய ஊரில் நடந்த அந்தக் கொலைக்குப் பயந்து இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு குமிழ். அதைத் திருகினால் அந்த வீட்டுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று இயந்திரத்துக்குத் தெரியும். அந்த வீட்டில் பதிவு செய்த விரலுக்குத்தான் குமிழ் அசையும். அடுத்தவர் யாரும், எட்வினே ஆனாலும், தொட முடியாது. யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று உளவு பார்ப்பதும் அநாகரிகம் என்று, இயந்திரத்தில் மொத்தக் கணக்கு மட்டும் தெரிகிற மாதிரி செய்துவிட்டார்கள். வந்த அன்றைக்கே எனக்கென்று கூடத்தை ஒட்டி ஒரு விருந்தினர் அறையும் அதில் ஒரு குமிழும் கொடுத்து, என் விரலையும் பதிந்துகொண்டார்கள். நான் அந்த அறையில் ஒருநாளும் படுக்கவில்லை. மகள் வீட்டில்தான் கிடந்தேன்.

என்னை அந்தச் சோதனையில் உட்கார வைத்திருந்தால் முதல் கேள்வியிலேயே எழுப்பி விரட்டியிருப்பார்கள். என் வயிற்றில் பிறந்த ஜெனிட்டா எப்படித் தேறினாள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. அண்ணன் தட்டிலிருந்து பொரித்த மீனைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவள் அவள். எட்வின் மேல் வைத்த ஆசை ஆளையே மாற்றிவிட்டது போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் மேலே புயல் பிடித்தது. கரையிலிருந்து வருகிற மின்சாரம் கொஞ்சம் குறையும், கப்பல் வராது, பேச்சுத் தொடர்பும் இருக்காது, ஆனால் காற்றுக்கு எந்தக் குறையும் வராது என்று ஊர்த்தலைவர் அறவாழி கூடத்தில் அறிவித்தார். ஐம்பது வயது மனிதர், பூனை நடப்பது போலப் பேசுவார். எல்லோரும் தலையாட்டினார்கள். எட்வின் அன்றிலிருந்து இயந்திர அறையிலேயே படுத்துக்கொண்டார், வீட்டுப் பக்கம் வரவில்லை.

பிறகுதான் எல்லாம் தொடங்கியது. கூடத்தில் கொட்டாவி மேல் கொட்டாவியாக விட்டார்கள். படி ஏறுகிறவர்கள் பாதியில் நின்று மூச்சு வாங்கினார்கள். எனக்குக் கூடத்துக்குப் போனாலே மண்டை பிளந்தது. மகள் வீட்டுக்குள் வந்தால்தான் தலைவலி விடும். பெற்ற பிள்ளை பக்கத்தில் இருக்கிற தெம்பு என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் எல்லாருடைய உதடும் நாவற்பழம் தின்ற மாதிரி கறுத்திருக்க, இவள் மட்டும் கன்னம் மினுங்க உட்கார்ந்திருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக் களை என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். சுவரில் குமிழ் இருக்கிற இடத்தில் ஈரத் துண்டைத் தொங்கப் போட்டிருந்தாள். இதைக் காயப்போட வேறு இடமா இல்லை என்று திட்டினேன். அவள் அதை இன்னும் நன்றாக இழுத்துவிட்டாள்.

ஒருநாள் மதியம் எதிர்வரிசைப் பெண் ஒருத்தி, பக்கத்துக்காரருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள், அப்படியே மேஜையில் சரிந்தாள். நினைவு தப்பிவிட்டது. நல்ல திடகாத்திரமான பெண்ணுக்கே இந்தக் கதி என்றால், நிறைமாதத்தில் இருக்கிற என் மகளும் அவள் வயிற்றில் இருப்பதும் என்ன ஆகும்? நேரே இயந்திர அறைக்குப் போனேன். மெஷினைக் கெடுத்துவிட்டு வெளியே சொல்லாமல் மறைக்கிறீரா என்று மருமகன் என்றும் பாராமல் கேட்டுவிட்டேன். அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல மாமி. கேட்டா குடுக்கும். யாரும் கேக்க மாட்டேங்காங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். மின்சாரம் குறையும் என்று அறிவித்ததும் ஆளாளுக்குத் தன் வீட்டுக் குமிழைக் கொஞ்சம் குறைத்துவிட்டார்கள், அடுத்தவருக்கு ஆகட்டும் என்று. தேவை குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்ட இயந்திரம் உற்பத்தியைக் குறைத்தது. மூச்சு முட்டத் தொடங்கியதும், ஐயோ பக்கத்து வீட்டுக்குப் போதவில்லை போலிருக்கிறதே என்று எல்லோரும் இன்னும் குறைத்தார்கள். இயந்திரமும் இன்னும் குறைத்தது. ஊரில் ஒரே ஒரு பேராசைக்காரன் இருந்திருந்தால்கூட அவன் கத்தியிருப்பான், விஷயம் வெளியே வந்திருக்கும். இங்கே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு தியாகம் செய்திருக்கிறார்கள்.

"இன்னும் குறைஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"மொத்தக் கணக்கு ஒரு கோட்டுக்குக் கீழ போனா, ஊர்ல ஆளே இல்லன்னு நெனச்சு மெஷின் ஓய்வுக்குப் போயிரும். அப்புறம் கோட்டுக்கு மேல கேட்டாத்தான் திரும்ப ஓடும்."

அவருக்குப் பின்னால் அந்த அறையின் குமிழ் இருந்தது. அதுவும் கீழேதான் கிடந்தது. எல்லாம் தெரிந்த நீங்களே ஏன் கூட்டவில்லை என்று கேட்டேன். கையைக் குமிழ் வரை கொண்டுபோனார். விரல் நடுங்கியது. திருப்ப முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. பெண்டாட்டி நிறைமாதம் என்று தெரிந்தும் ஒரு மனிதனால் மூச்சை எடுத்துக்கொள்ள முடியவில்லை என்றால் இதென்ன நல்ல குணம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அறவாழி ஊரையே கூடத்துக்கு அழைத்தார். எட்வின் எல்லாவற்றையும் விளக்கினார். எல்லோருக்கும் புரிந்தது. எல்லோரும் படித்தவர்கள், புரியாமல் என்ன? கூட்டினால்தான் எல்லோருக்கும் நல்லது என்று ஒத்துக்கொண்டார்கள். யார் முதலில் கூட்டுவது என்பதில்தான் வந்தது வினை. குழந்தைகள் இருக்கிற வீடு முதலில் கூட்டட்டும் என்றார் ஒருவர். அந்த வீட்டுக்காரர், வேண்டாம், நோயாளி இருக்கிற வீடு கூட்டட்டும் என்றார். கட்டிலோடு தூக்கி வந்திருந்த அந்த நோயாளி, என்னைவிட வயசானவங்க இருக்காங்க என்றார். அப்படியே ஊரைச் சுற்றி வந்து முதலில் சொன்னவர் வீட்டிலேயே நின்றது. நான் மேஜை மேல் ஏறி நின்று கத்தினேன். ஏலக்கூடத்தில்கூட அப்படிக் கத்தியதில்லை. என் மகளையும் பேரப்பிள்ளையையும் கொல்லப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். எல்லோரும் எழுந்து நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு வீட்டுக்குப் போய்க் குமிழைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் போய் என் விருந்தினர் அறைக் குமிழை முழுசாகத் திருகினேன்; ஒற்றை ஆள் அறைக்கு ஒரு இம்மிதான் ஏறியது, அதற்கு மேல் கணக்கு அசையவில்லை என்று எட்வின் வந்து சொன்னார்.

சரி, இவர்களுக்கு அடுத்தவர் கஷ்டப்படுவதைப் பார்க்கத் தாங்காது, அதையே பிடித்துக்கொள்வோம் என்று எனக்குத் தோன்றியது. விருந்தினர் அறைக்குக் கண்ணாடிக் கதவு. கூடத்திலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பவர் தெரியும். ஊரைத் திரும்பக் கூப்பிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே என் குமிழை அடிமட்டத்துக்குத் திருகிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் அத்தனை பேரும் உங்கள் குமிழைக் கூட்டுகிறவரை நான் இதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடைத்தது. கண்ணாடிக்கு வெளியே அழுகிறார்கள், கையைக் கூப்புகிறார்கள். ஜெனிட்டாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மாதிரியான பயம் இருந்தது. திரும்பி வீட்டுப் பக்கம் போனாள். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் வீட்டை நோக்கி ஓடினார்கள். அப்பாடா, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நான் எவ்வளவு பெரிய மடச்சி! அவர்கள் ஓடியது, எனக்குக் கொஞ்சம் காற்று மிஞ்சட்டும் என்று தங்கள் குமிழை இன்னும் குறைக்க.

ஆழிக்குடியில் எப்போதும் ஒரு ரீங்காரம் இருக்கும். இயந்திரத்தின் சத்தம். வந்த அன்றே அது காதுக்குப் பழகிப்போயிருந்தது. அது நின்றுவிட்டது.

எட்வின் ஓடிவந்து கதவைத் திறந்து என்னை வெளியே இழுத்துப் போட்டார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்குள் இருக்கிற காற்றுதான் இனிமேல் மிச்சம். அந்த நேரம் பார்த்து ஜெனிட்டா திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அம்மா, நானும் என்று ஏதோ சொல்ல வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வலி கண்டுவிட்டது.

என் பிடிவாதத்தால் என் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மாதாவே என்று கூப்பிட்டேன். மூச்சு வாங்க வாங்க அறவாழி ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து மகளின் வாயில் வைத்தார். அவருக்கு நாக்கு வறண்டு உதடு ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனால் அவர் குடிக்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற பெண் இன்னொரு தம்ளரை அவர் வாயில் வைத்தாள். அவளுக்கு அவள் பக்கத்தில் நின்றவர் கொடுத்தார். யாரும் தனக்கென்று எடுக்கவில்லை. ஆனால் எல்லோரும் குடித்துவிட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கரண்டி ஞாபகம் வந்தது.

"மாப்ள, இவங்க தன் தட்டுல போட்டுக்க மாட்டாங்க. அடுத்தவன் தட்டுல போடச் சொன்னா போடுவாங்கல்லா? என் விரலுக்குப் பக்கத்து வீட்டுக் குமிழ் அசையுத மாதிரி செய்ய முடியுமா?"

எட்வின் ஒரு கணம் என்னைப் பார்த்தார். எந்த விரல் எந்த வீட்டுக்கு என்று மாற்றி இணைக்க முடியும், ஆனால் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும் என்றார். அறவாழி கூடத்தைப் பார்த்து, உங்கள் மூச்சைப் பக்கத்து வீட்டார் கையில் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார். கேள்வி முடிவதற்கு முன்னாலேயே எல்லாக் கையும் மேலே போய்விட்டது. கொடுப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

எட்வின் இயந்திர அறைக்கு ஓடினார். ஜெனிட்டா என் மடியில் தலையை வைத்து முனகிக்கொண்டிருந்தாள், உதடு அவளுக்கும் கறுக்கத் தொடங்கியிருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. பிறகு எட்வினின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது, மாற்றியாயிற்று என்று. ஊரே எழுந்து ஓடியது. விழுந்தவர்களும் தவழ்ந்து போனார்கள். அடுத்தவர் வீட்டுக் காற்றைக் கூட்டுவதற்கு ஒருவர் கைகூட நடுங்கவில்லை. முழுசாக, இனிமேல் திருக முடியாது என்கிற வரை திருகினார்கள். மகள் வீட்டுக் குமிழ் என் விரலுக்கு வந்திருந்தது. அங்கே ஓடிப்போய் அந்தக் குமிழை நான் திருகிய வேகத்துக்கு அது கையோடு வந்திருக்க வேண்டும். தரை அதிர்ந்தது. ரீங்காரம் திரும்ப வந்தது.

விடியற்காலையில் பேத்தி பிறந்தாள். பிறந்ததும் அவள் வீறிட்டதைக் கேட்டு அந்த ஊர் மருத்துவச்சிகூடப் பயந்துபோனாள். எனக்கோ இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று சந்தோஷம் தாங்கவில்லை. என் தொண்டை அப்படியே.

அன்று சாயங்காலம் எட்வின் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குச் சொன்னார். அவருக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லையாம். எல்லோரும் குறைத்த அளவைப் பார்த்தால் இயந்திரம் முன்பே நின்றிருக்க வேண்டும். ஏதோ ஒரு வீடு மட்டும் முழுசாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால்தான் அது கோட்டுக்கு மேலேயே இழுத்துக்கொண்டிருந்தது. நேற்று அந்த வீடும் குறைத்ததும் நின்றுவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் நமக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை முத்தமிட்டுவிட்டு வேலைக்குப் போனார். ஜெனிட்டா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அது நான்தாம்மா," என்றாள்.

எனக்கு அந்த ஈரத் துண்டு ஞாபகம் வந்தது.

"பிள்ளைக்காகன்னு சொல்லலாம். அது பொய். எனக்கு மூச்சு முட்டுனா பயம், அவ்வளவுதான். சோதனையில ஒவ்வொரு கேள்விக்கும் எட்வின் என்ன சொல்வாரோ அதை யோசிச்சு எழுதுனேன். நீ அந்த ரூமுல கெடக்கதைப் பாத்ததும் தாங்கலை. ஒரு தடவையாவது இவங்கள மாதிரி நல்லவளா இருப்போம்னு போய்க் குறைச்சேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. என் மகள் திருட்டுத்தனமாக மூச்சு விட்டவரை ஊர் பிழைத்திருக்கிறது. ஒரே ஒரு நிமிடம் நல்லவளாக மாறினாள், ஊர் செத்துப் பிழைத்தது. வாயைத் திறக்காதே என்று அவளிடம் சொன்னேன். தெரிந்தால் அடுத்த கப்பலில் மேலே அனுப்பிவிடுவார்கள். எட்வின் பொய்யே சொல்லத் தெரியாத ஆள். தன்னிடம் இத்தனை காலம் வேஷம் போட்டவளை அவர் எப்படிப் பார்ப்பாரோ? பிறந்த குழந்தையோடு புருஷனைப் பிரிந்து கரையில் நிற்கப்போகிறாயா என்று கேட்டேன். நானா ஒருத்தியை வாயை மூடச் சொல்கிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவள் பிள்ளையைத் தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்தாள். பிறகு, அடுத்த புயலில் நானும் பயந்து நல்லவளாகிவிட்டால் என்னம்மா செய்வது என்று கேட்டாள்.

புயல் ஓய்ந்தது. கப்பல் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்த அன்று கூடத்தில் ஊருக்கே விருந்து. பேத்தி என் மடியில். பக்கத்துப் பெண் வழக்கம்போல ஜெனிட்டாவுக்குப் பரிமாறக் கரண்டியை எடுத்தாள். ஜெனிட்டா அவள் கையிலிருந்து அதை வாங்கினாள். தன் தட்டில் தானே சோறு போட்டாள். குழம்பில் இருந்ததிலேயே பெரிய துண்டு மீனாகத் தேடி எடுத்து வைத்தாள். பிறகு எழுந்து நின்று, புயலில் குமிழைக் குறைக்காமல் முழுசாக வைத்திருந்தது நான்தான், கடைசியில் குறைத்ததும் நான்தான், சோதனையில் எழுதியது அத்தனையும் பொய் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

அறவாழி எழுந்து, விதி என்று ஒன்று இருக்கிறதே அம்மா என்று ஆரம்பித்துவிட்டு, மேலே சொல்ல முடியாமல் நின்றார். ஜெனிட்டா அவரைப் பார்க்கவில்லை. எட்வினைத்தான் பார்த்தாள். அவர் அவளுடைய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். போயிற்று, என் மகள் வாழ்வு போயிற்று என்று நான் பேத்தியை இறுக்கிக்கொண்டேன்.

எட்வின் தன் தட்டை இழுத்து முன்னால் வைத்தார். பக்கத்தில் இருந்தவர் அவசரமாக அவருக்குப் போட வந்தார். எட்வின் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குப் பசிக்குது," என்றார். "ரொம்ப நாளாவே பசிக்குது."

ஜெனிட்டா கையிலிருந்த கரண்டியை அவர் வாங்கினார். சோற்றை அள்ளினார். பாதிச் சோறு தட்டில் விழுந்தது, பாதி மேஜையில் சிந்தியது. அதைத் துடைக்க யாரும் எழவில்லை. கரண்டியை அவர் பாத்திரத்தில் திரும்ப வைத்தார். அதை அடுத்து யார் எடுக்கப்போகிறார்கள் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.